போசுக்கு நா உண்டு, தென்காசிக்கு?



தளவாய்புரத்து வகுப்பறை ஒன்றில் அண்மையில் நிகழ்ந்ததைச் சொல்லித் தொடங்குகின்றேன். குடியாட்சி பற்றிய உரைநடைப் பாடத்தை முடித்துவிட்டு, "கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்" என்றேன். தையற்கூடத்தில் இரவுடை தைத்துக் கூலிபெறும் தாய் ஒருத்தியின் மகள் எழுந்தாள்.

"ஐயா, நம் தென்காசித் தொகுதியிலிருந்து ஒருவரைத் தில்லிக்கு அனுப்புகிறோம். அவர் அங்கே நம் மொழியில் பேசலாமா?"

"பேசலாம் அம்மா, அவைத்தலைவர் இசைவு தந்தால் பேசலாம்."

"இசைவு தராவிட்டால்?"

ஆசிரியப் பணியில் விடை தெரியாது நின்ற நாள்கள் எனக்கும் உண்டு. விடை தெரிந்தும் சொல்ல நாணி நின்றது அன்று ஒருநாள்தான். அப்பெண்ணின் வினாவுக்கு இந்நாட்டின் அரசியலமைப்பே விடை எழுதி வைத்திருக்கின்றது. அது நம் தன்மானத்தைச் சுடும் விடை. அதனை ஒளிவுமறைவின்றி உங்கள்முன் வைக்கவே இதனை எழுதுகின்றேன்.

முதற்கண் நம் தொகுதியை நாம் அறிவோம். இராசபாளையம், திருவில்லிப்புத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது தென்காசி நாடாளுமன்றத் தொகுதி. முதலிரண்டும் விருதுநகர் மாவட்டத்தன; ஏனைய நான்கும் 2019-இல் நெல்லையினின்று பிரிந்த தென்காசி மாவட்டத்தன. மேற்கே வானளாவிய மலை, மலையடியில் குளங்கள், குளத்தின்கீழ் நெல், கரிசலில் பருத்தி, புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை, சங்கரன்கோவிலில் விசைத்தறி, இராசபாளையத்தில் நூற்பாலை, எங்கள் தளவாய்புரத்தில் தையற்பொறி. ஏறத்தாழ 15 இலக்கம் வாக்காளர். இராசபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் மக்கள் உளர். அவரும் கடைத்தெருவிலும் தேர்தல் மேடையிலும் பேசுவது தமிழே. இத்தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோன் எக்கட்சியினன் ஆயினும் தமிழில்தான் கேட்டாக வேண்டும். வேறு மொழியில் கேட்டால் ஒருவாக்கும் விழாது.

இத்தொகுதி தன் முதல் தேர்தலைக் கண்டது 1957-இல். அன்றுமுதல் 2024 வரை 17 பொதுத்தேர்தல்கள் நடந்துள்ளன. காங்கிரசு வென்றது, 1977 தொடங்கி 1996 வரை அருணாசலம் தொடர்ந்து ஆறுமுறை வென்றார். பின் அ.தி.மு.க. வென்றது, பொதுவுடைமைக் கட்சி வென்றது, தி.மு.க. வென்றது. கொடியின் நிறம் மாறிற்று. கொள்கையின் பெயர் மாறிற்று. இங்கே தமிழில் வாக்குக் கேட்டு, அங்கே வேற்றுமொழியில் வாய்திறக்கும் நிலை மட்டும் மாறவில்லை.

இன்னொரு செய்தியையும் நினைவிற் கொள்க. இத்தொகுதிக்குள் அடங்கிய செங்கோட்டை, 1.11.1956-க்கு முன்பு நம்முடன் இருந்ததில்லை. அது திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்கோடி வட்டங்களும் அவ்வாறே. அவ்வூர்த் தமிழர், மலையாளத்தை ஆட்சிமொழியாகக் கொண்டிருந்த அரசின்கீழ், தம் மொழியால் அயலாராய் வாழ்ந்தனர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு என்னும் அமைப்பு எழுந்தது. இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து நேசமணி தில்லிக்கு அனுப்பப்பட்டார். எதற்காக? சாலைக்காகவும் பாலத்துக்காகவும் மட்டுமா? "எம் மொழி பேசும் மக்களோடு எம்மைச் சேர்த்துவிடுக" என்னும் ஒரு கோரிக்கையைச் சுமந்து சென்றார். 11.8.1954 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டனர், தமிழர் மாண்டனர். அக்குருதி காய்ந்தபின்னரே 1.11.1956 அன்று நான்கு தென்வட்டங்களும் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதியும் தாயகம் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வாரா தொழிந்தன.

ஆக, செங்கோட்டையார் இத்தொகுதியில் வாக்களிப்பது, தமிழ் பேசியமையால் பெற்ற உரிமை. மொழிக்காகப் பெற்ற வாக்கு அது. அவ்வாக்கினால் அனுப்பப்படும் உறுப்பினர், சென்ற இடத்தில் அம்மொழியைப் பேச இன்னொருவரிடம் இசைவு கேட்டு நிற்பதாயின், அன்று மார்த்தாண்டத்தில் மாண்டவர்க்கு நாம் காட்டும் நன்றி யாது?

"உலகெங்கும் இப்படித்தானே, பெருநாடென்றால் ஒரு மொழி வேண்டாவா?" என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். உலகெங்கும் இப்படியில்லை. வாருங்கள், வடஅமெரிக்காவின் ஒரு நாட்டுப்புறத் தொகுதியைப் பார்ப்போம்.

கனடாவில் கியூபெக்கு மாநிலத்தின் தென்பகுதியில், சோதியேர் என்னும் ஆற்றின் இருகரையிலும் அமெரிக்க எல்லைவரை பரந்துகிடப்பது போசு என்னும் நாடாளுமன்றத் தொகுதி. பண்ணை நிலங்களும் காடுகளும் சிற்றூர்களும் நிறைந்த மண். நம்மவர் பனஞ்சாற்றைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதுபோல், அவர் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கின்றனர். அங்கு வாழ்வோர் ஓரிலக்கத்தைச் சற்றே கடந்தவர். நம் தென்காசித் தொகுதியின் வாக்காளரில் பதினைந்தில் ஒருபங்கு அளவினர்! ஏறத்தாழ அனைவரும் பேசுவது பிரெஞ்சு. கனடா என்னும் கூட்டாட்சி பிறந்த 1867-ஆம் ஆண்டிலேயே போசும் ஒரு தொகுதியாயிற்று. அன்றுமுதல் அது நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பி வருகின்றது.

அவ்வுறுப்பினர் தலைநகராகிய ஒட்டாவாவில் எழுந்து நின்று பிரெஞ்சில் பேச எவர் இசைவையும் கேட்பதில்லை. 1867-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு அவ்வுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டது. நாடாளுமன்ற வாதங்களில் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ எவரும் பயன்படுத்தலாம். அவைக்குறிப்புகளும் பதிவேடுகளும் இருமொழியிலும் இருந்தே ஆகவேண்டும். சட்டங்கள் இருமொழியிலும் அச்சாகி வெளிவந்தே ஆகவேண்டும். "வேண்டும்" என்பது அங்குள்ள சொல். "இசையலாம்" என்பது இங்குள்ள சொல். இவ்விரு சொல்லுக்கும் இடையிலுள்ள தொலைவே உரிமைக்குடிக்கும் இரவலனுக்கும் இடையிலுள்ள தொலைவு.

இவ்வுரிமை அவர்க்கு மழைபோல் வானின்று பொழிந்ததா? இல்லை. 1759-இல் கியூபெக்கு நகரை ஆங்கிலேயர் போரில் வென்றனர். 1837-இல் அங்குக் கிளர்ச்சி மூண்டு ஒடுக்கப்பட்டது. அதன்பின் இலண்டன் நாடாளுமன்றம் 1840-இல் ஓர் ஒன்றிப்புச் சட்டம் இயற்றிற்று. பிரெஞ்சு மக்கள் பெரும்பான்மையராய் வாழ்ந்த கீழ்க்கனடாவில் ஏறத்தாழ 6.5 இலக்கம் மக்கள். ஆங்கிலேயர் வாழ்ந்த மேற்கனடாவில் ஏறத்தாழ 4.5 இலக்கம். இரண்டிற்கும் ஒப்ப 42 இருக்கைகள் தரப்பட்டன. அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு, அவையின் எழுத்துப் பதிவுகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கவேண்டும் என்றது. மக்கள் மிகுதியாயிருந்தபோது எண்ணிக்கையைப் பாராமல் இருக்கையைக் குறைத்தனர். உடன் மொழியையும் நெரித்தனர். ஒரு மக்களை அடக்க எண்ணுவோர், அவர் இருக்கையிலும் நாவிலும் ஒருங்கே கைவைப்பர் என்பதற்கு இது சான்று.

13.9.1842 அன்று, கிங்சுடன் நகரில் கூடிய அவையில் இலபோந்தேன் என்னும் பிரெஞ்சுத் தலைவர் எழுந்து தம் மொழியில் பேசத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பேசுமாறு ஓர் உறுப்பினர் இடைமறித்தார். இலபோந்தேன் ஆங்கிலம் அறிந்தவர். ஆயினும், ஆங்கிலத்தைப் பிரெஞ்சைப்போலவே தாம் அறிந்திருந்தாலும் தம் முதலுரையைத் தம் மக்களின் மொழியிலேயே ஆற்றுவதாகவும், தம் மொழியை ஒதுக்கிய சட்டத்துக்கு அதுவே தம் எதிர்ப்பென்றும் அவர் அவையிற் கூறினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1848-இல் அந்த 41-ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 1867-இல் 133-ஆம் பிரிவு எழுந்தது. போசுத் தொகுதி பிறக்கும்போதே நாவோடு பிறந்தது.

இனி, நம் அரசியலமைப்பைத் திறப்போம். 120-ஆம் உறுப்பு சொல்வது இது: நாடாளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைப் போதுமான அளவு எடுத்துரைக்க இயலாத உறுப்பினர்க்கு, தாய்மொழியில் பேச அவைத்தலைவர் இசைவு தரலாம்.

மீண்டும் ஒருமுறை படியுங்கள். "இயலாத உறுப்பினர்க்கு." தமிழில் பேச விரும்புகிறவர்க்கு அன்று, தமிழ்த் தொகுதி அனுப்பியவர்க்கும் அன்று, வேறு மொழி பேசத் தெரியாதவர்க்கு! தாய்மொழியில் பேசுவது ஓர் ஊனத்துக்குக் காட்டும் இரக்கம் என்பது இவ்வுறுப்பின் உள்ளக்கிடை. இலபோந்தேன் இன்று தென்காசி உறுப்பினராய்ச் சென்றிருந்தால் அவர்க்கு இவ்விசைவு கிடைக்க வழியில்லை. அவர்தாம் ஆங்கிலம் அறிந்தவராயிற்றே! நம் உறுப்பினர் தம் மொழியில் பேச முதற்கண் "எனக்குத் தெரியாது" என்று தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கற்றவர்க்கு உரிமை இல்லை. கல்லாதவர்க்கு உரிமை இல்லை, இரக்கம் உண்டு.

பீகாரத்தின் ஒரு சிற்றூரிலிருந்து செல்லும் இந்திக்காரர் எவரிடமும் இசைவு கேட்பதில்லை. அவர் ஆங்கிலப் பெரும்புலவராய் இருப்பினும் இந்தியில் பேசலாம். அவர் வாக்கும் ஒரு வாக்கு. என் வாக்கும் ஒரு வாக்கு. அவர் அனுப்பியவன் நாவோடு செல்கின்றான். நான் அனுப்பியவன் விண்ணப்பத்தோடு செல்கின்றான். இதற்குப் பெயர் ஒப்புரிமையா?

அவ்வுறுப்பின் இரண்டாம் கூறு இன்னும் கொடிது. 15 ஆண்டு கழிந்தபின் "அல்லது ஆங்கிலத்தில்" என்னும் சொற்கள் தாமே உதிர்ந்துவிடும் என்றும், நாடாளுமன்றம் வேறுவகையாய்ச் சட்டம் இயற்றினால் மட்டுமே அவை நிற்கும் என்றும் எழுதிவைத்தனர். 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் ஆங்கிலம் அங்கு நின்றது. 1965-இல் தமிழ் மாணவர் குருதி சிந்தியதன் பின்னரே 1967-இல் அதற்கு வலுவூட்டும் திருத்தம் வந்தது. எனவே நம் உறுப்பினர் ஆங்கிலத்தில் பேசுவதுங்கூட ஒரு சட்டத்தின் நிழலில்தான். இந்தியோ, அரசியலமைப்பின் வேரில் நிற்கின்றது.

"ஐயா, இன்று தமிழிற் பேசினால் உடனுக்குடன் பெயர்த்துரைக்கும் ஏந்து மக்களவையில் இருக்கின்றதே" என்பர். இருக்கின்றது, மறைக்கவில்லை, வரவேற்கின்றோம். பல தமிழ் உறுப்பினர் அவ்வழியே தமிழில் முழங்கியும் உள்ளனர். அவர்க்கு நம் வணக்கம். ஆனால் ஏந்து வேறு, உரிமை வேறு. கனடா நாடாளுமன்றத்தில் உடனுக்குடன் பெயர்த்துரைக்கும் ஏற்பாடு வந்தது 1959-இல்தான். அதற்கு முன்பு 90 ஆண்டுகளுக்கு மேலாகப் போசு உறுப்பினர் பிரெஞ்சிற் பேசினால் ஆங்கில உறுப்பினர் பலர்க்குப் புரியாது. ஆயினும் "பேசாதே" என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. அங்கே உரிமை முன்னே சென்றது. ஏந்து அதன் பின்னே வந்தது. இங்கே ஏந்து வந்திருக்கின்றது. உரிமை இன்னும் வரவில்லை. தந்தவன் எடுத்துக்கொள்ளக் கூடியது ஏந்து. எவனும் எடுக்க முடியாதது உரிமை.

கனடா குறையற்ற நாடு என்று நான் கூறவில்லை. மானிட்டோபா மாநிலம் 1890-இல் பிரெஞ்சைத் தன் சட்டமன்றத்தினின்றும் முறைமன்றத்தினின்றும் விலக்கிற்று. ஒண்டாரியோ 1912-இல் பள்ளிகளில் பிரெஞ்சை ஒடுக்கிற்று. ஆனால் உரிமை எழுத்தில் இருந்தது. அதனால் 89 ஆண்டுகள் கழித்தும், 1979-இல் கனடாவின் உச்சமுறைமன்றம் மானிட்டோபாவின் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளிற்று. எழுத்தில் உரிமை இருந்தால் கொடுமை 89 ஆண்டு கழிந்தும் கூண்டில் ஏறும். எழுத்தில் உரிமை இல்லையெனில் ஏறிநிற்கக் கூண்டே இல்லை.

பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். சட்டத்தின் நிலை என்ன? போசுத் தொகுதியின் பண்ணையாளர், தம் நாடாளுமன்றம் இயற்றும் ஒவ்வொரு சட்டத்தையும் தம் மொழியில், ஆங்கில வடிவத்தோடு ஒத்த வலிமையுடையதாய், அதே நாளில் படிக்கின்றார். நமக்கோ, மக்களைச் சிறையிலிடும் சட்டத்தின் பெயரைக்கூட நாம் பலுக்க இயலாதபடி வைக்கின்றனர். 2023-இல் இயற்றி 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியற் சட்டங்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எழுதியபோதும் அவை இந்திப் பெயர்களே. "பாரதிய நியாய சன்கிதா" என்பதன் பொருள் யாதென்று எங்கள் தையற்கூடத்துத் தாயொருத்தியைக் கேளுங்கள். அவர்மேல் பாயக்கூடிய சட்டம். அவர் வாக்கினால் அமைந்த மன்றம். அவர்க்கு விளங்காத பெயர்!

நாவைப் பற்றிச் சொன்னேன். இனி எண்ணிக்கையைப் பற்றிச் சொல்வேன். ஏனெனில், 1840-இல் கனடாவிற் கண்டவாறு, இரண்டும் ஒன்றாய்த்தான் வெட்டப்படும்.

1957, 1962 தேர்தல்களில் தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 41 இருக்கைகள் இருந்தன. 1961 குடிக்கணக்கின்படி செய்த மறுவரையறையால் 1967-இல் அவை 39 ஆயின. இரண்டு இருக்கைகள் ஓசையின்றிப் போயின. அக்காலமுதல் பட்டியல் வகுப்பார்க்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நம் தென்காசித் தொகுதியைப் பொதுத்தொகுதியாக்கக் கோரி ஒருவர் வழக்காடினார். 2021-இல் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வழக்கைத் தள்ளிற்று, தள்ளியது முறையே. ஆனால் அவ்வழக்கின் ஊடே நடுவர்கள் எழுப்பிய வினா ஒன்று பொன்னெழுத்திற் பொறிக்கத்தக்கது: மக்கட்பெருக்கைக் கட்டுப்படுத்திய மாநிலம் இரண்டு இருக்கைகளை இழப்பதா? 14 தேர்தல்களாக இழந்ததற்கு ஈடாக ஏன் 5,600 கோடி உருபா தரக்கூடாது? இவ்வினா பிறந்தது நம் தொகுதியின் வழக்கில். நம் தொகுதியில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

1976-இல் 42-ஆம் திருத்தம், மாநிலங்களுக்குரிய இருக்கை எண்ணிக்கையை 1971 குடிக்கணக்கோடு நிறுத்திவைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம் அந்நிறுத்தத்தை, 2026-க்குப் பின்னர் எடுக்கப்படும் முதற் குடிக்கணக்குவரை நீட்டிற்று. மகப்பேற்றைக் கட்டுப்படுத்துக என்று தில்லி சொன்னது. தமிழ்நாடு செய்து காட்டியது. சொன்னதைச் செய்தவன் தண்டம் பெறலாகாது என்பதே அத்திருத்தங்களின் உயிர்.

அந்நிறுத்தம் நீங்கினால் என்னாகும்? நான் கணக்காசிரியன் அல்லன். ஆயினும் இக்கணக்குக்குத் தொடக்கப்பள்ளி வாய்பாடு போதும். 2011 கணக்கின்படி இந்திய மக்கள் 121 கோடி. தமிழ்நாடு 7.21 கோடி, உத்தரப்பிரதேசம் 19.98 கோடி; பீகார் 10.41 கோடி. 543 இருக்கைகளையும் இவ்வெண்ணிக்கைப்படி பங்கிட்டால், தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 32. இன்று 80 உடைய உத்தரப்பிரதேசத்துக்கு ஏறத்தாழ 90. இன்று 40 உடைய பீகாருக்கு ஏறத்தாழ 47. நம் இழப்பு ஏழு; அவ்விரு மாநிலங்களின் ஏற்றம் பதினேழு.

"தமிழ்நாட்டின் எண்ணிக்கை குறையாது, மொத்த எண்ணிக்கையைக் கூட்டுவோம்" என்று இனிப்பாகப் பேசுவார் உளர். ஏமாறாதீர்! 543-இல் 39 என்பது நூற்றுக்கு 7.2 பங்கு. மக்கட்கணக்குப்படி அது நூற்றுக்கு 6 ஆகிவிடும். மொத்தம் 800 ஆனாலும் 900 ஆனாலும் பங்கு பங்குதான். பெரிய பானையில் தண்ணீரைக் கூட்டி ஊற்றிவிட்டு, "உன் அரிசியை நான் எடுக்கவில்லையே" என்பது போன்றது இப்பேச்சு. அவையில் சட்டம் நிறைவேறுவது பங்கினால்.

இதிலும் கனடாவைப் பாருங்கள். 1867-இல் கியூபெக்குக்கு 65 இருக்கைகள் என்று வரையறுத்து, அதனையே அளவுகோலாகக் கொண்டு ஏனைய மாநிலங்களுக்கு இருக்கை கணக்கிட்டனர். அன்று 181-இல் 65. பின்னர் மக்கட்கணக்கு மாறியது. கியூபெக்கின் பங்கும் குறைந்தது. 2021-இல் வந்த கணக்கீடு, 78 இருக்கைகளுள் ஒன்றைக் குறைத்து 77 ஆக்கும் என்று காட்டிற்று. ஓரிருக்கை, ஒரே இருக்கை! கியூபெக்கு கொதித்தெழுந்தது. 2022-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, எம்மாநிலமும் 2021-இல் தனக்கிருந்த எண்ணிக்கைக்குக் கீழ்ப்போகாது என்று உறுதிசெய்தது. 2025 தேர்தலில் 343-இல் 78 கியூபெக்கினுடையவை. ஓரிருக்கைக்கு அவர் எழுந்தனர். 1967-இல் இரண்டு இருக்கைகள் போயின, நாம் உறங்கினோம்.

இன்னொன்றையும் உய்த்துணர்க. கியூபெக்கின் பங்கு 1867-இல் நூற்றுக்கு 36. 2025-இல் நூற்றுக்கு 23-க்கும் குறைவு. பங்கு குறைந்ததனால் அவர் மொழியுரிமை குறைந்ததா? ஓர் அணுவும் குறையவில்லை. ஏன்? அது தலைகளை எண்ணித் தந்த உரிமையன்று. தனித்தன்மையுடைய ஒரு மக்கள் கூட்டாட்சியில் இணைந்தபோது எழுதிய உடன்படிக்கை. ஆகவே இரண்டும் வேண்டும் என்கின்றேன். எண்ணிக்கை மட்டும் இருந்து நாவில்லையேல் ஊமைக்கூட்டம். நா மட்டும் இருந்து எண்ணிக்கை இல்லையேல் கேட்பாரற்ற கூக்குரல்.

"ஒருவர்க்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்பதன்றோ குடியாட்சி?" என்பர் சிலர். நல்ல கேள்வி, நழுவாமல் விடை சொல்வோம். ஒரே இனம், ஒரே மொழி உடைய நாட்டுக்கு அது முழு நெறி. பல்வேறு மக்கள் சேர்ந்த கூட்டாட்சிக்கு அது பாதி நெறி. கூட்டாட்சியில் தலைகளும் எண்ணப்படவேண்டும், மக்களினங்களும் மதிக்கப்படவேண்டும். அல்லாக்கால் பெரிய இனம் என்றும் ஆளும். சிறிய இனம் என்றும் மனுக் கொடுக்கும். வாக்கின் ஒப்புமையை இவ்வளவு போற்றுவோர், மொழியின் ஒப்புமையைப் பேசும்போது மட்டும் வாய்மூடுவது ஏன்? என் வாக்கும் இந்திக்காரர் வாக்கும் ஒன்றென்றால், என் மொழியும் அவர் மொழியும் ஏன் ஒன்றாகா?

"இதெல்லாம் தில்லிப் பேச்சு, வயிற்றுக்குச் சோறு போடுமா?" என்னும் உழவரே, உம்மிடம் ஒன்று கேட்கின்றேன். செண்பகவல்லி அணைக்கட்டின் உடைப்பைச் சீராக்கித் தருக என்று சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்து உழவர் எத்தனை ஆண்டாகக் கேட்கின்றனர்? அணைக்கட்டோ கேரள எல்லைக்குள். வயலோ நம் எல்லைக்குள். இரு மாநிலங்களுக்கு நடுவே நின்று முறைசொல்ல வேண்டிய இடம் எது? தில்லி. அங்கே நமக்காகப் பேசுவோன் எண்ணிக்கையிற் சிறுத்து, நாவிலும் இரவல் வாங்கி நின்றால், உம் வயலுக்கு நீர் எவ்வாறு வரும்? மொழியும் சோறும் வெவ்வேறல்ல.

இனி நம் குற்றத்தையும் நாமே சொல்லிக்கொள்வோம். பிறரைப் பழிப்பது எளிது. நம் உறுப்பினர் பலர், தமிழிற் பேச வாய்ப்பிருந்தும் ஆங்கிலத்திற் பேசுவதைப் பெருமையாகக் கருதினர். அவர் பேசியதைத் தில்லி கேட்டது. அவரை அனுப்பிய தளவாய்புரம் கேட்கவில்லை. நாமும், "நம் ஆள் அருமையாய் ஆங்கிலம் பேசுகிறான்" என்று கைதட்டினோம். கைதட்டியவருள் தமிழாசிரியரும் உளர். நான் உட்பட. போசுத் தொகுதியார் தம் உறுப்பினர் ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் மறுமுறை அவரை அனுப்புவாரா? நாம் அனுப்புகிறோம். அடுத்து, நம் பிள்ளைகளைத் தமிழறியாது வளர்க்கின்றோம். நாளை தமிழில் பேசும் உரிமை 120-ஆம் உறுப்பில் ஏறிவிட்டால், அதனைப் பயன்படுத்த ஒரு தமிழ் நா வேண்டுமே!

5.3.2025 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, 1971 கணக்கின் அடிப்படையே 2026-இலிருந்து இன்னும் 30 ஆண்டுக்கு நீடிக்கவேண்டும் என்று தீர்மானம் செய்தது. 22.3.2025 அன்று பிற மாநிலத் தலைவரும் சென்னையில் கூடினர். நன்று. ஆனால் கட்சிகள் கூடியதோடு நம் கடமை முடிந்ததென்று உறங்கினால், மீண்டும் 1967-தான்.

ஆகவே, தென்காசித் தொகுதித் தமிழர் கேட்க வேண்டுவன மூன்று.

ஒன்று: 120-ஆம் உறுப்பு திருத்தப்பெறல் வேண்டும். "இசைவு தரலாம்" என்பது நீங்கி, எட்டாம் அட்டவணையிலுள்ள எம்மொழியிலும் எவ்வுறுப்பினரும் உரிமையோடு பேசலாம் என்பது எழுதப்பெறல் வேண்டும். சட்டமுன்வரைவுகள் இந்தியில் வரும் அன்றே தமிழிலும் வரல் வேண்டும்.

இரண்டு: மாநிலங்களின் இருக்கைப் பங்கு, எண்ணிக்கை மட்டுமன்றிப் பங்கும், மக்கட்பெருக்கைக் காட்டிக் குறைக்கப்படலாகாது.

மூன்று: வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருவோரிடம், "தில்லியில் எம்மொழியில் பேசுவாய்?" என்று கேட்டல் வேண்டும். அவர் எக்கட்சியினர் என்று பார்க்கவேண்டா. விடையைக் கேட்டபின் வாக்கைப் பற்றி எண்ணலாம்.

முதலிரண்டும் தில்லியின் கையில். மூன்றாவது நம் கையில். நம் கையிலுள்ளதை நாம் செய்யாதவரை, பிறர் கையிலுள்ளதைக் கேட்க நமக்கு முகமில்லை.

அன்று வகுப்பறையில் வினவிய அம்மகளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கின்றேன். "இசைவு தராவிட்டால்?" என்றாள். அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே சொல்கின்றேன்: மகளே, இசைவு கேட்பதே இழிவு. இலபோந்தேன் இசைவு கேட்கவில்லை, பேசினார். உன் தலைமுறையில் தென்காசித் தொகுதியிலிருந்து ஒருவர், ஏன், நீயே சென்று அவ்வவையில் நிமிர்ந்து நின்று, ஆங்கிலம் அறிந்திருந்தும், இந்தி அறிந்திருந்தும், தமிழிற் பேசுவாயாக. அந்நாள் வரும்வரை உன் ஆசிரியன் எழுதுகோலைக் கீழே வையான்.

தமிழர்களே, எழுங்கள்! நாவைக் கேட்டு இரவாதீர். நாவை எடுத்து ஆளுங்கள்!